வீட்டுச் சட்டம் வேறு... போட்டிச் சட்டம் வேறு!



உங்களில் எத்தனை பேருக்குச் செஸ் விளையாடத் தெரியும்? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். அடேயப்பா! ஏறக்குறைய எல்லாருமே தூக்கிவிட்டீர்கள். சரி, இன்னொரு கேள்வி. எத்தனை பேருக்குச் செஸ் விதிகள் முழுதாகத் தெரியும்? இப்போதும் கையைத் தூக்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லப்போகும் கதையைப் படித்துவிட்டு, பிறகு தூக்குங்கள்.

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் அருகில் உள்ள சேக்காட்டில்தான் என் வீடு. நான் ஆசிரியையாக இருந்த காலத்தில், கோடை விடுமுறை வந்தால் எங்கள் வீட்டு வராந்தா செஸ் மைதானமாகிவிடும். தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். இரண்டே பலகைதான். ஒரு பலகையில் கறுப்புக் குதிரையைக் காணாமல் அதற்குப் பதில் ஒரு புளியங்கொட்டை நிற்கும்! அவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவள் நான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் மாமா. அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்கள் சொன்ன சட்டமெல்லாம் அப்படியே எங்கள் வராந்தாவுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

அரைப் புள்ளி போன கதை

2006ஆம் ஆண்டு. எங்கள் பகுதியில் சிறுவர்களுக்கான செஸ் போட்டி ஒன்று நடந்தது. மொத்தம் 5 சுற்று. என் மாணவி ஒருத்தியை அழைத்துப் போயிருந்தேன். ஆறாம் வகுப்பு படிக்கும் பெண். முதல் நான்கு சுற்றில் மூன்று வெற்றி, ஒரு தோல்வி. கடைசிச் சுற்றில் வென்றால் 4 புள்ளி; மூன்றாம் பரிசுக் கோப்பை கையில் வந்துவிடும்.

அந்த ஆட்டத்தில் அவளிடம் ராஜாவும் ஒரு யானையும் இருந்தன. எதிரே இருந்த பையனிடம் ராஜா மட்டும்தான். வெற்றி கைக்கெட்டும் தூரம். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையன் வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தான். "பதினாலு... பதினஞ்சு... பதினாறு! முடிஞ்சுது. டிரா!" என்று கையை நீட்டினான். இவளும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கை கொடுத்தாள். முடிவுத் தாளில் ஆளுக்கு அரை என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வெளியே வந்தவளிடம் நடுவர் கேட்டார். "ஏம்மா டிராவுக்குச் சம்மதிச்சே? யானை இருந்துதே?"

"பதினாறு முடிஞ்சு போச்சு சார்."

"பதினாறா? போட்டியில அப்படி ஒரு சட்டமே கிடையாதே!"

நான் ஓடிப்போய்க் கேட்டேன். முடிவை மாற்ற முடியுமா என்றேன். "இருவரும் சம்மதித்துக் கை கொடுத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது டீச்சர். இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார் அவர். அவர் சொன்னது சரிதான்.

மூன்றரைப் புள்ளி. அரைப் புள்ளியில் கோப்பை போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பெண் அழவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பட்டாபிராம் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், நீங்கதானே பதினாறுன்னு சொல்லிக்கொடுத்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. தவறு அவளுடையது அல்ல, என்னுடையது. அன்று இரவே உட்கார்ந்து விதிகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அன்று முதல் நான் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

உலகம் முழுவதும் போட்டிச் செஸ்ஸின் விதிகளை வகுப்பது ஃபிடே எனப்படும் உலகச் செஸ் கூட்டமைப்பு. இது 1924இல் பாரிஸ் நகரில் தொடங்கப்பட்டது. விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள். இங்கே நான் சொல்பவை 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி.

16ஆ, 50ஆ?

முதலில் அந்தப் பொல்லாத பதினாறைப் பார்ப்போம். எதிராளியிடம் ராஜா மட்டும் மிஞ்சினால் 16 நகர்த்தலுக்குள் செக்மேட் செய்ய வேண்டும், இல்லையேல் டிரா. இது நம் வீடுகளில் சொல்லும் சட்டம். போட்டியில் இருப்பது 50 நகர்த்தல் விதி. கடைசி 50 நகர்த்தல்களில் (இரு தரப்புக்கும் தலா 50) எந்தக் காயும் வெட்டப்படாமலும், எந்தச் சிப்பாயும் நகராமலும் இருந்தால், ஆடுபவர் நடுவரிடம் டிரா கேட்கலாம். இடையில் ஒரு காய் வெட்டப்பட்டாலோ, ஒரு சிப்பாய் ஓர் அடி வைத்தாலோ எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். யாருமே கேட்காமல் 75 நகர்த்தல் ஆகிவிட்டால் ஆட்டம் தானாகவே டிரா.

ஏன் 16 போதாது? இந்தக் கணக்கைப் பாருங்கள். இரு தரப்பும் ஒரு தவறும் செய்யாமல் ஆடினால், மிகக் கடினமான நிலையிலிருந்து செக்மேட் செய்ய எத்தனை நகர்த்தல் தேவை?

ராஜாவும் ராணியும் இருந்தால்: 10
ராஜாவும் யானையும் இருந்தால்: 16
ராஜாவும் இரண்டு மந்திரிகளும் இருந்தால்: 19
ராஜாவும் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் இருந்தால்: 33

பார்த்தீர்களா? யானையை வைத்து 16க்குள் முடிக்க வேண்டுமானால் சில நிலைகளில் ஒரு பிழைகூடச் செய்யக் கூடாது. ஆறாம் வகுப்புப் பெண்ணால் முடியுமா? மந்திரியும் குதிரையும் என்றால் உலகச் சாம்பியனாலேயே 16க்குள் முடிக்க முடியாமல் போகலாம். அதனால்தான் 50 வரை அவகாசம்.

இன்னொன்று. 50 நகர்த்தல் ஆயிற்று என்று வாயால் சொன்னால் போதாது. எழுதிக் காட்ட வேண்டும். வழக்கமான நீண்ட நேரப் போட்டிகளில் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதுவது கட்டாயம். இதற்கு நோட்டேஷன் என்று பெயர். ஒரே நிலை மூன்று முறை பலகையில் வந்தாலும் டிரா கேட்கலாம். அதற்கும் இந்தத் தாள்தான் சாட்சி. ஆனால் ஒரு எச்சரிக்கை: முதலில் காயை நகர்த்த வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். 'இதை ஆடலாமா?' என்று முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது விதிப்படி தவறு.

நம் ஊர்ச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன?

'அப்படியானால் நம் தாத்தா, மாமாவெல்லாம் தப்பாகவா ஆடினார்கள்?' என்று கேட்பீர்கள். இல்லை குழந்தைகளே! அவர்கள் ஆடியது வேறொரு பழைய ஆட்டம்.

சதுரங்கம் பிறந்தது நம் நாட்டில்தான். இங்கிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போயிற்று. ஐரோப்பாவில் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு விதிகளை மாற்றினார்கள். மெதுவாக நடந்த காயை எல்லாத் திசையிலும் பாயும் ராணியாக்கினார்கள். சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டலாம் என்றார்கள். இந்தியாவிலோ பழைய வழக்கங்கள் ஊருக்கு ஊர் வெவ்வேறாக நீடித்தன. சிப்பாய் ஒரு கட்டம்தான் போகும். ராஜா, ஒருமுறைகூடச் செக் வாங்காமல் இருந்தால், ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். சிப்பாய் கடைசி வரிசையை எந்தக் கோட்டில் அடைகிறதோ, அந்தக் கோட்டுக்குரிய காயாக மாறும். யானைக் கோட்டில் போனால் யானை, குதிரைக் கோட்டில் போனால் குதிரை!

இந்தப் பழைய ஆட்டத்தில் பெரிய வீரராக இருந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். அவர் இங்கிலாந்துக்குப் போய்ப் புதிய விதிகளைக் கற்றுக்கொண்டு, 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். முன்னாள் உலகச் சாம்பியன் கபாபிளாங்காவையே ஒரு போட்டியில் தோற்கடித்தார்.

நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரை இங்கே அவசியம் சொல்ல வேண்டும். அவர் மேனுவல் ஆரோன். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனவர். 1959க்கும் 1981க்கும் இடையே 9 முறை தேசியச் சாம்பியன். செஸ் விளையாட்டுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் வீரரும் அவர்தான். 1960கள் வரைகூட நம் நாட்டில் பலர் உள்ளூர் விதிகளின்படியே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சர்வதேச விதிகளின் பக்கம் திருப்பியதில் ஆரோனுக்குப் பெரும் பங்கு உண்டு. குழுக்கள் அமைத்தார், புத்தகங்களைப் படிக்கத் தூண்டினார், கற்றுக்கொடுத்தார்.

அவர் போட்ட பாதையில்தான் விஸ்வநாதன் ஆனந்த் வந்தார். 6 வயதில் அம்மாவிடம் ஆடக் கற்று, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு 5 முறை உலகச் சாம்பியன் ஆனார். நம் மேற்குப் புறநகர்ப் பகுதிக்கும் இதில் பெருமை உண்டு. பிரக்ஞானந்தா பாடியைச் சேர்ந்தவர். குகேஷ் படித்த பள்ளி மேல் அயனம்பாக்கத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார் குகேஷ். நம் பக்கத்து ஊர்களில் வளர்ந்த பிள்ளைகள் உலக மேடையில் ஆட முடிவதற்கு, எல்லா நாட்டினரும் ஒரே விதியில் ஆடுவதும் ஒரு காரணம் அல்லவா?

தொட்டால் விடாதே!

வீட்டில் என்ன செய்வோம்? குதிரையை எடுப்போம். ஓர் இடத்தில் வைப்போம். 'ஐயோ, அங்கே யானை இருக்கிறதே!' என்று திரும்ப எடுத்துவிடுவோம். எதிரே இருப்பவரும் 'சரி, சரி' என்பார். போட்டியில் இது நடக்காது. உங்கள் முறை வந்ததும், நகர்த்தும் எண்ணத்தோடு எந்தக் காயைத் தொட்டீர்களோ, அதைத்தான் நகர்த்த வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டுவிட்டால், முடியுமானால் அதை வெட்டியே ஆக வேண்டும். காயை ஒரு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் முடிந்தது கதை.

காய் கோணலாக இருக்கிறது, சரிசெய்ய வேண்டும் என்றால்? தொடும் முன்பே 'சரிசெய்கிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். பெரிய போட்டிகளில் 'ஜடூப்' என்ற பிரெஞ்சுச் சொல்லைச் சொல்வார்கள். அதையும் உங்கள் முறையின்போதுதான் செய்யலாம். எதிராளி யோசிக்கும்போது பலகையில் கை வைக்கக் கூடாது.

இந்த விதியில் உலகச் சாம்பியனே சிக்கிய கதை உண்டு. 1994இல் ஸ்பெயின் நாட்டின் லினாரஸ் நகரில் காஸ்பரோவும் ஜூடித் போல்கரும் மோதினார்கள். ஜூடித்துக்கு அப்போது வயது 17. காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். உடனே ஆபத்தைக் கண்டு வேறு கட்டத்துக்கு மாற்றினார். கை காயை விட்டதா, இல்லையா? ஜூடித் நடுவரைப் பார்த்தார். ஆனால் புகார் செய்யவில்லை. நடுவரும் எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார். பிறகு தொலைக்காட்சிப் படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, கால் நொடி நேரம் அவர் விரல்கள் காயை விட்டிருந்தது தெரிந்தது! கை விட்டதைத் தாம் உணரவே இல்லை என்றார் காஸ்பரோவ். ஜூடித் என்ன செய்தார் தெரியுமா? தொடர்ந்து ஆடினார். 2002இல் மாஸ்கோவில் நடந்த ஒரு ஆட்டத்தில் அதே காஸ்பரோவைத் தோற்கடித்தார்.

இதில் நமக்கு ஒரு பாடம். தவறு நடந்ததாகத் தோன்றினால் தயங்காதீர்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள், கையைத் தூக்கி நடுவரை அழையுங்கள். அது சண்டை போடுவது ஆகாது, உங்கள் உரிமை.

ஒரு கைதான்!

போட்டியில் பலகைக்குப் பக்கத்தில் இரட்டைக் கடிகாரம் இருக்கும். நீங்கள் ஆடி முடித்து அழுத்தினால் உங்கள் நேரம் நிற்கும். எதிராளியின் நேரம் ஓடும். எந்தக் கையால் காயை நகர்த்தினீர்களோ, அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். வலக்கையால் நகர்த்தி, இடக்கையை அழுத்தத் தயாராக வைத்திருப்பது செல்லாது.

இரண்டு கைகளாலும் காய்களைப் பிடிக்கவும் கூடாது. ராஜாவையும் யானையையும் சேர்த்து நகர்த்தும் கேசலிங்கின்போது பலர் இந்தத் தவறைச் செய்கிறார்கள். ஒரு கையில் ராஜா, மறு கையில் யானை! அப்படிச் செய்து கடிகாரத்தையும் அழுத்திவிட்டால், விதிமீறிய நகர்த்தலுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. கேசலிங்கில் முதலில் ராஜாவைத் தொட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். யானையை முதலில் தொட்டால், யானையை மட்டும்தான் நகர்த்த முடியும்.

நேரம் தீர்ந்தால் தோல்வி. ஆனால் எதிராளியிடம் எப்படி ஆடினாலும் உங்களைச் செக்மேட் செய்யவே முடியாத காய்கள்தான் இருக்கின்றன என்றால், உதாரணமாக ராஜா மட்டும் மிஞ்சியிருந்தால், ஆட்டம் டிரா.

ராஜாவை வெட்டலாமா?

எங்கள் வராந்தாவில் அடிக்கடி இது நடக்கும். ஒருவன் தன் ராஜாவுக்குச் செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்துவான். உடனே மற்றவன் 'ராஜாவை வெட்டிட்டேன்!' என்று குதிப்பான். 'நீ செக் சொல்லவே இல்லையே!' என்று அவன் கத்துவான். பிறகு பஞ்சாயத்துதான்.

போட்டியில் செக் சொல்ல வேண்டும் என்று விதியே இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு. ராஜாவை வெட்டுவதும் கிடையாது. எதிராளி விதிமீறி நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டால், நடுவரை அழைக்க வேண்டும். நீண்ட நேர ஆட்டத்தில், முதல் முறையென்றால் உங்களுக்கு 2 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். காய்கள் பழைய நிலைக்குத் திரும்பும். அதே ஆள் இரண்டாம் முறையும் விதியை மீறினால் பொதுவாக அவருக்குத் தோல்வி.

2017 டிசம்பரில் ரியாத் நகரில் உலக அதிவேகச் செஸ் போட்டி நடந்தது. கார்ல்சன் யானையால் செக் கொடுத்தார். எதிரே ஆடிய இனார்கியேவ் அந்தச் செக்கைத் தீர்க்காமல், குதிரையால் பதிலுக்குச் செக் கொடுத்தார்! கார்ல்சன் அவசரத்தில் தன் ராஜாவை நகர்த்திவிட்டார். உடனே இனார்கியேவ் கடிகாரத்தை நிறுத்தி, 'கார்ல்சனின் நகர்த்தல்தான் தவறு' என்றார். முதலில் நடுவர் அவருக்கே வெற்றி தந்தார். தலைமை நடுவரோ அதை மாற்றி, ஆட்டம் தொடர வேண்டும் என்றார். இனார்கியேவ் மறுத்ததால் கார்ல்சனுக்கு வெற்றி போனது. எதிராளியின் தவறைக் கண்டால், நீங்கள் பதிலுக்கு நகர்த்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உலகச் சாம்பியனுக்கும் குழப்பம்தான்.

தலைகீழ் யானை ராணி ஆகுமா?

சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்தால் என்ன ஆகும்? 'வெட்டுப்பட்ட காய்தான் திரும்பி வரும்' என்பார்கள் சிலர். தவறு! ராணி, யானை, மந்திரி, குதிரை இவற்றில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ராணி உயிரோடு இருந்தாலும் இரண்டாவது ராணி வரலாம்.

வீட்டில் இன்னொரு ராணி இல்லாவிட்டால் யானையைத் தலைகீழாக வைத்து 'இதுதான் ராணி' என்போம். போட்டியில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். 2017இல் கனடா நாட்டுச் சாம்பியன் பட்டத்துக்கான கடைசி அதிவேக ஆட்டம். நிகோலாய் நொரிட்சினுக்கு நேரம் சில நொடிகள்தான். சிப்பாயைக் கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனார். கைக்கெட்டும் இடத்தில் ராணி இல்லை. யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று எண்ணி ஆடினார். நடுவர் குறுக்கிட்டார். 'தலைகீழாக இருந்தாலும் யானை யானைதான்!' ராணி கிடைக்காமல் ஆட்டம் போயிற்று, பட்டமும் போயிற்று. அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, 'ராணி வேண்டும்' என்று நடுவரைக் கேட்டிருக்கலாம். அதற்கு விதி இடம் கொடுக்கிறது.

பெரியவர்களும் கேட்பார்கள்

யானை தாக்கப்படும்போது கேசலிங் செய்யலாமா? செய்யலாம். ராஜாவுக்குச் செக் இருக்கக் கூடாது. ராஜா கடக்கும் கட்டமும் போய் நிற்கும் கட்டமும் தாக்கப்படக் கூடாது. யானைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'இது கூடவா தெரியாது' என்று யாரையும் சிரிக்காதீர்கள். 1974இல் மாஸ்கோவில் கார்போவுடன் மோதிய விக்டர் கோர்ச்னாய், உலகின் தலைசிறந்த வீரர்களில் ஒருவர். அவரே 21ஆவது ஆட்டத்தின் நடுவில் எழுந்து போய் நடுவரிடம் இந்தச் சந்தேகத்தைக் கேட்டார். 'செய்யலாம்' என்றார் நடுவர். அந்த ஆட்டத்தை 19 நகர்த்தலில் வென்றார் கோர்ச்னாய். சந்தேகம் கேட்பவர் சிறுமைப்படுவதில்லை, பார்த்தீர்களா?

வீட்டில் பலருக்குத் தெரியாத இன்னொரு விதி 'என் பாசான்'. முன்பு சொன்னேனே, ஐரோப்பாவில் சிப்பாய்க்கு இரண்டு கட்டம் தாண்டும் உரிமை கிடைத்தது என்று. அதனால் ஒரு சிக்கல் வந்தது. உங்கள் சிப்பாய் ஐந்தாவது வரிசையில் காவல் நிற்கிறது. பக்கத்துக் கோட்டில் எதிராளியின் சிப்பாய் ஒரு கட்டம் வந்தால் வெட்டலாம். அதுவோ இரண்டு கட்டம் பாய்ந்து, காவலைத் தாண்டிப் பக்கத்தில் வந்து நிற்கிறது! இது நியாயமா? அதனால், அது ஒரு கட்டம் மட்டுமே வந்ததுபோல் பாவித்து, குறுக்கே போய் வெட்டலாம் என்று விதி வந்தது. ஆனால் உடனே, அடுத்த நகர்த்தலிலேயே வெட்ட வேண்டும். விட்டால் உரிமை போய்விடும்.

மணி அடித்தது... ஆட்டம் முடிந்தது!

இது காயைப் பற்றிய விதி அல்ல. உங்கள் அப்பாவின் செல்போனைப் பற்றிய விதி! ஆடும்போது நடுவரின் அனுமதி இல்லாமல் செல்போன் வைத்திருந்தால், கண்டுபிடித்த உடனே தோல்வி. ஃபிடே உலகச் சாம்பியனாக இருந்த உக்ரைன் வீரர் பொனமரியோவ், 2003 அக்டோபர் 11 அன்று பல்கேரியாவில் ஆடிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு 20ஆவது பிறந்தநாள். செல்போன் ஒலித்தது. ஆட்டம் போயிற்று! அதனால் போட்டிக்குப் போகும்போது செல்போனை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.

மறுவருடம் நடந்தது

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கிறீர்களா? விதிகளை ஓர் அட்டையில் எழுதி எங்கள் வராந்தாச் சுவரில் மாட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் '16 இல்லை, 50!' என்று எழுதியவள் அவள்தான்.

மறுவருடம் மறுபடி போட்டிக்குப் போனோம். இந்த முறை ஒரு சுற்றில் நிலைமை தலைகீழ். அவளிடம் ராஜா மட்டும். எதிரே நாலாம் வகுப்புப் பையன். அவனிடம் ஒரு யானை. அவனும் எண்ணிக்கொண்டே வந்தான். பதினாறு ஆனதும் முகம் வாடிப்போய், "டிரா தானே அக்கா?" என்று கையை நீட்டினான்.

கை கொடுத்திருந்தால் அவளுக்கு அரைப் புள்ளி. போன வருடம் இழந்த அதே அரைப் புள்ளி! அவள் கை கொடுக்கவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரை அழைத்தாள். "இந்தத் தம்பிக்கு 50 நகர்த்தல் விதியைச் சொல்லுங்க சார்" என்றாள். ஆட்டம் தொடர்ந்தது. அந்தப் பையன் தட்டுத்தடுமாறி அவளைச் செக்மேட் செய்துவிட்டான்.

வெளியே வந்ததும், "ஏம்மா அப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன்.

"அவன் கையை நீட்டினதும் போன வருஷம் ஞாபகம் வந்துடுச்சு டீச்சர்" என்றாள்.

அந்த வருடமும் அவளுக்குப் பரிசு இல்லை. ஆனால் ரயிலில் வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

குழந்தைகளே! வீட்டில் தாத்தாவோடு ஆடும்போது தாத்தாவின் சட்டப்படியே ஆடுங்கள். அதுவும் ஓர் அழகுதான். ஆனால் ஆட்டம் தொடங்கும் முன்பே 'எந்தச் சட்டம்?' என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போவதாக இருந்தால், ஒரு மாதம் முன்பிருந்தே போட்டி விதிகளின்படி மட்டும் ஆடிப் பழகுங்கள்.

உங்களுக்கு ஒரு சின்னத் தேர்வு!

1. எதிராளி செக் சொல்லவில்லை. நீங்கள் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திக் கடிகாரத்தையும் அழுத்திவிட்டீர்கள். தவறு யாருடையது?
2. உங்கள் ராணி பலகையில் இருக்கும்போதே சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைகிறது. இன்னொரு ராணி கேட்கலாமா?
3. யானையை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டீர்கள். கேசலிங் செய்யலாமா?
4. உங்கள் நேரம் தீர்ந்துவிட்டது. எதிராளியிடம் ராஜா மட்டும்தான். முடிவு என்ன?
5. உங்களிடம் ராஜாவும் யானையும். எதிராளியிடம் ராஜா மட்டும். 16 நகர்த்தல் முடிந்தது. அவர் கையை நீட்டுகிறார். என்ன செய்வீர்கள்?

விடைகள்: 1. உங்களுடையது. எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். 2. கேட்கலாம். 3. கூடாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். 4. டிரா. 5. இதற்கு மட்டும் நான் விடை சொல்லமாட்டேன். உங்களுக்கே தெரியும்!